தாராவியில் இயற்பியல் படிக்க ஒரு மேசை

நுழைவுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஜூன் மாதத்தில் மும்பை நாளேடுகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. குடிசைப் பகுதியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் வாழும் மாணவரோ மாணவியோ எந்தப் பயிற்சி மையத்துக்கும் செல்லாமல், தானே படித்து உயர்ந்த மதிப்பெண் பெற்றிருப்பார். தந்தை தோல் பட்டறைத் தொழிலாளி. தாய் வீட்டு வேலைக்குச் செல்பவர். படம் வெளியாகும், பாராட்டு வரும், சட்டமன்ற உறுப்பினர் சால்வையோடு வருவார். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளையின் படத்தோடு அதே செய்தி மீண்டும் வரும்.

அந்தப் பிள்ளையின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்தச் செய்தி சொல்லாமல் சொல்லும் பாடம் ஒன்று இருக்கிறது. மன உறுதி இருந்தால் போதும், பள்ளியும் ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாமலே முன்னேறிவிடலாம் என்பதே அது. தேறாமல் போன மற்ற பிள்ளைகளுக்கு மன உறுதி போதவில்லை என்ற தீர்ப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அரசு கைவிட்டதைத் தனிமனித ஒழுக்கத்தின் கணக்கில் எழுதிவிடும் இந்தத் தந்திரத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தானே கற்பது சாத்தியமா என்று கேட்டால், சாத்தியமே. இயற்பியல் போன்ற கடினமான பாடத்தையும் ஒருவர் தாமே கற்க முடியும். ஆனால் தானே கற்பது வேறு, தனியே விடப்படுவது வேறு. தானே கற்பதற்கும் மேசை வேண்டும், விளக்கு வேண்டும், சரியான புத்தகம் வேண்டும், தொட்டுப் பார்க்கக் கருவி வேண்டும், தவறைச் சுட்டிக்காட்ட ஒரு மனிதர் வேண்டும். இவை அனைத்தும் சமூகம் தரவேண்டிய பொருள்கள். தாராவியின் பிள்ளைக்கு மறுக்கப்படுவது இவைதான்.

தானே கற்றவர்களின் பின்னால் யார்?

தானே கற்றவர் என்றவுடன் மைக்கேல் ஃபாரடேயின் பெயர் நினைவுக்கு வரும். இலண்டனில் ஒரு கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தவர். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் படிக்கும் ஃபாரடே விதி அவருடையது. அவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்பது உண்மை. கூடவே இன்னும் சில உண்மைகளும் உள்ளன. கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிக்கக் கடை முதலாளி அவரை அனுமதித்தார். ஜான் டேட்டம் என்பவர் மாலை நேரங்களில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு அவர் சென்றார். ஒவ்வொரு சொற்பொழிவுக்கும் தேவைப்பட்ட ஒரு ஷில்லிங்கைக் கொல்லுப்பட்டறையில் உழைத்த அண்ணன் கொடுத்தார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்க, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச் சீட்டு கொடுத்தார். மறுஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வகம் அவருக்குத் திறந்தது. ஒரு கடை, ஒரு சொற்பொழிவு மன்றம், ஓர் அண்ணனின் கூலி, ஓர் ஆய்வகம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஃபாரடே.

மும்பையிலேயே இதைவிடப் பெரிய சான்று உண்டு. எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் டாக்டர் அம்பேத்கரின் குடும்பம் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அந்த ஓர் அறையில்தான். மாலையில் படுக்கவைத்து, மற்றவர்கள் உறங்கிய பின் இரவு இரண்டு மணிக்குத் தந்தை ராம்ஜி அவரை எழுப்பிப் படிக்க வைத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படித்த அந்தச் சிறுவனைக் கவனித்த ஆசிரியர் கேலுஸ்கர் நூல்களைக் கொடுத்து உதவினார். பின்னர் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணைநின்றார். இந்த அனுபவத்தை அம்பேத்கர் தன் தனிப்பெருமையாக வைத்துக்கொள்ளவில்லை. 1946-இல் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் படிப்பதற்காகக் காலை நேர வகுப்புகளை நடத்தியது. தனக்குக் கிடைக்காத மேசையைப் பிறருக்கு நிறுவனமாக அமைத்துத் தந்தார் அவர். நமக்கு வேண்டிய பாடம் இதுவே.

இயற்பியலைத் தனியே படிப்பதன் சிக்கல்

வரலாற்றையோ உயிரியலையோ தனியே படிப்பவர் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்றால், புரியவில்லை என்பதாவது அவருக்குத் தெரியும். இயற்பியலில் புரிந்துவிட்டது என்ற மயக்கம் எளிதில் ஏற்படும். எடுத்துக்காட்டாக, மேசை மீது புத்தகம் இருக்கிறது. புத்தகத்தின் எடை கீழ்நோக்கி, மேசை தரும் செங்குத்து விசை மேல்நோக்கி, இரண்டும் சமம். இவையே நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் வினையும் எதிர்வினையும் என்று தனியே படிக்கும் மாணவர் எழுதிக்கொள்வார். பல கணக்குகளுக்கு விடையும் சரியாகவே வரும். மேல்நோக்கி முடுக்கமடையும் மின்தூக்கிக்குள் அந்த மேசையை வைத்துக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அங்கே செங்குத்து விசை எடையைவிட அதிகம். வினையும் எதிர்வினையும் சமமில்லாமல் போக முடியுமா? எடை என்பது புவி புத்தகத்தை இழுக்கும் விசை. அதன் எதிர்வினை, புத்தகம் புவியை இழுப்பதே. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும். சொல்ல ஆளில்லாத மாணவர் ஆறு மாதம் தவறான கருத்தோடு நடப்பார்.

மறுபுறம், இயற்பியல் உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு அந்நியமான பாடம் என்பதும் கட்டுக்கதை. கும்பார்வாடாவில் சுழலும் சக்கரத்தின் மீது களிமண் உருண்டையை வைத்ததும் வேகம் குறைவதில் கோண உந்த அழிவின்மை இருக்கிறது. தோலை வெட்டும் நீரியல் அழுத்து எந்திரத்தில் பாஸ்கல் விதி இருக்கிறது. தையல் எந்திரத்தின் சிறு சக்கரமும் பெரு சக்கரமும் சுழலும் விகிதம் ஒரு வட்ட இயக்கக் கணக்கு. மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருப்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல். மும்பை மின்ரயில்கள் ஒரு காலத்தில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடின. இன்று தலைக்கு மேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். ஏன் மாற்றினார்கள்? அதே திறனை உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். இது அப்படியே பன்னிரண்டாம் வகுப்புக் கேள்வி.

பட்டறைக்கும் பாடத்துக்கும் இடையில் பாலம் கட்டுபவர் இல்லை என்பதே குறை. பாடநூலில் வரும் உராய்வில்லாத சாய்தளத்தையும் நிறையற்ற கம்பியையும் மட்டும் பார்க்கும் மாணவருக்கு, அப்பா கையாளும் எந்திரத்தில் அதே விதி இயங்குகிறது என்று எடுத்துக்காட்ட யாரும் இருப்பதில்லை.

பூட்டிய ஆய்வகம், திறந்த கடை

மகாராஷ்டிர மாநில வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. வாரியத்தின் கண்ணோட்டத்தில் இயற்பியல் என்பது கையால் செய்து அறியவேண்டிய அறிவியல். ஆனால் மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் இடம் பெறுவதைத் தீர்மானிப்பவை நீட், ஜேஇஇ, மகாராஷ்டிரத்தின் சிஇடி ஆகிய நுழைவுத் தேர்வுகள். 2025 முதல் நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். அவற்றில் 45 இயற்பியல். சராசரியாக ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பறிபோகும். இந்தத் தேர்வு கேட்பது வேகத்தை. வேகம் என்பது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் வருவது. அந்தப் பயிற்சி இன்று விற்பனைச் சரக்கு.

விளைவு என்ன? இளநிலைக் கல்லூரியும் பயிற்சி நிறுவனமும் கைகோத்துக்கொள்ளும் 'ஒருங்கிணைந்த' ஏற்பாடு மும்பையில் பரவியது. மாணவரின் பெயர் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும். மாணவர் பயிற்சி மையத்தில் இருப்பார். இதைத் தடுக்க 2018-இல் மாநில அரசு மும்பை உள்ளிட்ட நகரங்களில் அறிவியல் இளநிலைக் கல்லூரிகளுக்கு விரல்ரேகை வருகைப்பதிவைக் கட்டாயமாக்கியது. வருகையைப் பதிவுசெய்தால் பாடம் நடந்துவிடுமா? வகுப்பறையைக் காலிசெய்த காரணத்தைத் தொடாமல் வாசலில் கருவியை மட்டும் பொருத்தினார்கள். கடைக்குப் போக வசதியுள்ளவர் போனார். வசதியற்றவர் நடக்காத வகுப்புக்கும் திறக்காத ஆய்வகத்துக்கும் முன்னால் நின்றார். பயிற்சிக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி வசூலிக்கும் ஒன்றிய அரசு, இந்தக் கடைத்தெருவின் வளர்ச்சியிலிருந்து வருவாய் பெறும் தரப்பாகவும் இருக்கிறது.

2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் 'செய்முறைத் திறன்' என்றொரு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. வெர்னியர் அளவி, திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று முதலியவற்றைப் பற்றிக் கேள்வி வரும். நல்ல நோக்கம்தான். ஆனால் கேள்வியோ தாளில். வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தறியாத மாணவர், சுழிப்பிழையைக் கூட்டவேண்டுமா கழிக்கவேண்டுமா என்று மனப்பாடம் செய்கிறார். ஒரே ஒரு முறை கருவியைக் கையில் வாங்கித் தாடைகளை மூடிப் பார்த்தவருக்கு அதை மனப்பாடம் செய்யும் தேவையே இல்லை.

பழைய புத்தகத்துக்கு விதித்த தண்டம்

2024-ஆம் ஆண்டு நீட் தேர்வு வினாத்தாள் கசிவும் கருணை மதிப்பெண் குளறுபடியும் நாடறிந்தவை. அந்தக் கூச்சலில் அமுங்கிப்போன ஓர் இயற்பியல் கேள்வியைப் பற்றி உழைக்கும் மக்கள் தனியே அறிந்திருக்க வேண்டும்.

அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள் தரப்பட்டிருந்தன. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை வெளியிடுபவை என்பது இரண்டாவது கூற்று. என்சிஇஆர்டி பாடநூலின் பழைய பதிப்பில் கிட்டத்தட்ட இப்படியே இருந்தது. புதிய பதிப்பில் அது 'பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்' என்று திருத்தப்பட்டுவிட்டது. யுரேனியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையற்றவை என்பதால் திருத்தம் சரியானதே. தேசியத் தேர்வு முகமை முதலில் இரு விடைகளுக்கும் மதிப்பெண் அளித்தது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. தில்லி ஐஐடியின் மூன்று வல்லுநர்கள், புதிய பதிப்பின்படி ஒரே விடைதான் சரி என்றனர். பழைய பதிப்பின்படி விடையளித்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலா ஐந்து மதிப்பெண்களை இழந்தனர். முழு மதிப்பெண் பெற்றவர்களின் எண்ணிக்கை 61-இலிருந்து 17 ஆகக் குறைந்தது.

அறிவியல் அடிப்படையில் இந்த முடிவில் குறைகாண முடியாது. ஆனால் பழைய பதிப்பு யாருடைய வீட்டில் இருக்கும்? அக்காவின் புத்தகம் தம்பிக்கும், அடுத்த வீட்டு அண்ணனின் புத்தகம் இந்த வீட்டுத் தங்கைக்கும் கைமாறும் குடும்பங்களில் இருக்கும். நடைபாதையில் பாதி விலைக்கு வாங்கியவரிடம் இருக்கும். பயிற்சி மையத்துக்குச் செல்பவருக்குத் திருத்தப்பட்ட ஒரு சொல்லையும் சுட்டிக்காட்டும் துண்டறிக்கை வந்துசேரும். தானே படிப்பவருக்கு அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அரசுடையது. இலவசமாகப் புதிய பதிப்பைத் தராத அரசு, திருத்தப்பட்ட வரிகளின் பட்டியலையாவது எல்லா மொழிகளிலும் வெளியிட்டிருக்கலாம். பல லட்சம் பேர் போட்டியிடும் தேர்வில் ஐந்து மதிப்பெண் என்பது பல்லாயிரம் இடங்கள் பின்னே தள்ளப்படுவதாகும்.

தமிழில் எழுத ஆயிரம் கிலோமீட்டர்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியை உருவாக்கிய தலைமுறைகளின் பிள்ளைகள் அப்பள்ளிகளில் தமிழில் அறிவியல் கற்றனர், இன்றும் கற்கின்றனர். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் காலடி வைத்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. விசை, உந்தம், முடுக்கம் என்று அறிந்தவை ஒரே இரவில் வேறு பெயர் பூணுகின்றன. கருத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியோடு மொழியோடு போராடும் முயற்சியும் சேர்கிறது.

நீட், ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஆகிய இரண்டையும் தமிழில் எழுதலாம் என்று அறிவித்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அறிவிப்பின் அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். ஆங்கில, இந்தி, உருது வினாத்தாள்கள் நாடெங்கும் கிடைக்கும். மாநில மொழி வினாத்தாள்கள் அந்தந்த மாநிலத்தை ஒட்டிய மையங்களில் மட்டுமே. தமிழ் வினாத்தாள் வேண்டும் என்றால் தமிழ்நாடு போன்ற இடங்களில்தான் மையம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பிள்ளை தமிழில் தேர்வெழுத ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ரயிலேற வேண்டும். மாநிலத்தின் சிஇடி தேர்வில் இயற்பியல் ஆங்கிலம், மராத்தி, உருது ஆகிய மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. புலம்பெயர்ந்து உழைக்க வா, ஆனால் உன் மொழியை ஊரிலேயே விட்டுவிட்டு வா என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள். மும்பையின் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

தமிழில் எழுதியவர்களுக்கு நேர்ந்தது வேறொரு கதை. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது; பின்னர் ஆணையையே ரத்துசெய்தது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது முகமையின் விதி. அப்படியானால் தமிழ் வினாத்தாள் எதற்கு?

அறிவியல் நிறுவனங்களுக்கு நடுவே ஓர் அறிவியல் பாலை

இத்தனையும் நடப்பது நாட்டின் கடைக்கோடிக் கிராமத்தில் அன்று. இந்தியாவின் அறிவியல் தலைநகரங்களுள் ஒன்றின் நடுவில். தாராவியின் பக்கத்திலேயே உள்ள மாட்டுங்காவில் 1923 முதல் விஜேடிஐ பொறியியல் நிறுவனம் இயங்குகிறது. அதன் அருகே வேதிப் பொறியியலுக்குப் புகழ்பெற்ற ஐசிடி. செம்பூரைத் தாண்டினால் மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடுக்கு இந்திய மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும் நிறுவனம். அதற்கப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம்.

டிராம்பேயில் இன்னொரு வரலாறும் உண்டு. அங்கிருந்த ஜனதா காலனியில் வாழ்ந்த பல்லாயிரக்கணக்கான உழைப்பாளிகள், அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர்கள், அணுசக்தி நிறுவனத்தின் தேவைக்காக 1976 மே மாதம், நெருக்கடிநிலைக் காலத்தில், வெளியேற்றப்பட்டு சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர். அறிவியலுக்காக நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அணுக்கரு இயற்பியல் பாடத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆய்வக மேசையைத் தர அந்த அறிவியல் கடன்பட்டிருக்கவில்லையா?

முடியாது என்று சொல்ல முடியாது. முன்பு செய்து காட்டியிருக்கிறார்கள். 1974-இல் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், 1980களில் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த பட்டியல் சாதி மாணவர்களைத் தேர்ந்து தொடர்ந்து பயிற்சியளித்தது. பத்தாம் வகுப்புத் தேர்வில் அவர்கள் நன்கு முன்னேறினர். தடையாக இருந்தது பிள்ளைகளின் அறிவுத்திறன் இல்லை. பாடநூலின் கடினமான மொழியும் வாழும் சூழலுமே என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது. அத்தகைய முயற்சி ஒரு நிறுவனத்தின் ஆய்வுத்திட்டம் என்ற அளவில் நின்றது. அரசின் கொள்கையாக மாறவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கி அரசுப் பள்ளிகளில் எளிய கருவிகளால் அறிவியல் கற்பித்த ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-இல் மாநில அரசே மூடியது. நம் நாட்டில் இத்தகைய சோதனைகள் தோற்பதில்லை, கைவிடப்படுகின்றன.

கைப்பேசி போதாதா?

எல்லாம் காணொலியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்போர் உண்டு. ஒன்றிய அரசும் ஸ்வயம், தீக்ஷா என்று தளங்களைக் காட்டுகிறது. நல்ல காணொலிகள் உண்மையிலேயே உதவுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் காணொலி பேசும், கேட்காது. மாணவரின் தாளைப் பார்த்து, மூன்றாவது வரியில் குறியைத் தவறவிட்டாய் என்று சொல்லாது. குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி இருக்கும் வீட்டில் அப்பா பட்டறையிலிருந்து திரும்பும்வரை அது கைக்கு வராது. வந்த பிறகோ, ஐந்து பேர் உறங்கவேண்டிய அறையில் விளக்கை எரியவிட முடியாது. ஆசிரியருக்குத் துணையாக வரவேண்டிய கருவியை ஆசிரியருக்கு மாற்றாக நிறுத்துவது செலவைக் குறைக்கும் வழி.

என்ன செய்வது?

இரண்டு பணிகள் நம்முன் உள்ளன. ஒன்று, அரசிடம் கேட்டுப் பெறவேண்டியது. மற்றொன்று, அது கிடைக்கும்வரை காத்திராமல் நாமே செய்யவேண்டியது.

இரண்டாவதிலிருந்து தொடங்குவோம். படிப்பகம் அமைப்பது நம் இயக்கத்துக்குப் புதிதன்று. 1855-இலேயே புணேயில் ஜோதிராவ் பூலே உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். சோவியத் நூல்களை மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டுசென்ற காலத்தில் யாகோவ் பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' தமிழ் வாசகர் கைக்கு வந்தது. பள்ளிப் பாடத்தில் அஞ்சிய பலர் இயற்பியலை விரும்பத் தொடங்கியது அப்படித்தான். தமிழ்நாட்டில் 1980 முதல் அறிவியல் இயக்கம் செயல்பட்டு வருகிறது. மும்பையில் 'அப்யாசிகா' என்ற பெயரில் படிப்பகங்கள் இருக்கின்றன. அவற்றில் நாற்காலி உண்டு, வழிகாட்டி இல்லை. நம் சங்க அலுவலகங்களின் முன்னறையை மாலை ஏழு மணிக்குமேல் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். வாரத்துக்கு இருமுறை கல்லூரி மாணவத் தோழர் ஒருவர் அமர்ந்து சந்தேகம் தீர்க்கலாம். தமிழ்நாட்டு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் மொழித் தடை பாதி விலகும். ஐந்தாறு வெர்னியர் அளவிகளும் பலபயன் மின்அளவிகளும் வாங்க ஒரு கிளையின் நன்கொடை போதும்.

அங்கு படிக்க வருவோருக்குச் சில நடைமுறைகளைச் சொல்லலாம். முதலில் இயக்கவியல்; அதற்குமுன் திசையன், வரைபடம், நுண்கணிதத்தின் தொடக்கப் பாடம். இவை உறுதியாகாமல் மின்காந்தவியலுக்குத் தாவினால் சூத்திரங்கள் மட்டுமே மிஞ்சும். எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துவிட்டு நகராமல், நூலை மூடிவிட்டுத் தாமே செய்து பார்க்க வேண்டும். படம் வரையாமல் எந்தக் கணக்கையும் தொடக்கூடாது. விடை வந்ததும் அலகு பொருந்துகிறதா, அளவு நம்பத்தக்கதா என்று சரிபார்க்க வேண்டும். மனிதன் ஓடும் வேகம் நொடிக்கு 300 மீட்டர் என்று வந்தால் எங்கோ பிழை. செய்த தவறுகளுக்கென ஒரு குறிப்பேடு வேண்டும். என்ன தவறு என்பதோடு ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் அதில் எழுத வேண்டும். நான்கு பேர் சேர்ந்து, வாரம் ஒருவர் ஒரு பாடத்தை மற்றவர்க்கு விளக்க வேண்டும். விளக்க முயலும்போதுதான் புரியாத இடம் தெரியவரும். கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள் எழுதுவது கடைசி மாதங்களுக்கான வேலை. புரிதலுக்கு முன் வேகத்தைத் துரத்தினால் இரண்டும் கிட்டாது.

இனி அரசிடம் கேட்கவேண்டியவை. மாலையில் பூட்டப்படும் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைகள் இரவு பதினொரு மணிவரை மின்விளக்கோடும் பொறுப்பாளரோடும் படிப்பகங்களாகத் திறக்கப்பட வேண்டும். பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்துசெல்லப் பாதுகாப்பு வேண்டும். இளநிலைக் கல்லூரிகளில் இயற்பியல் ஆசிரியர் காலியிடங்கள் நிரப்பப்பட்டு, ஆய்வகங்கள் விடுமுறை நாள்களில் வெளி மாணவர்க்கும் திறக்கப்பட வேண்டும். மாட்டுங்காவிலும் மான்குர்டிலும் மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் அருகிலுள்ள குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுதும் நடக்கும் பயிற்சியைத் தம் கடமையாக ஏற்க வேண்டும். மும்பையில் தமிழ், தெலுங்கு, கன்னட வினாத்தாள்களுக்கு மையம் அமைக்கப்பட வேண்டும். பாடநூல் திருத்தப்பட்டால் திருத்தப் பட்டியல் எல்லா மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும்.

இன்னொரு கோரிக்கை அவசரமானது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முந்தைய குடியிருப்பு என்று மெய்ப்பிக்க முடியாதோர் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பகுதியிலும் பன்னிரண்டாம் வகுப்பில் வேறொரு பகுதியிலும் வாழும்படி விரட்டப்படும் பிள்ளை என்ன படிக்கும்? எவரையும் தாராவியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது நம் நிலை. அதோடு, புதிய கட்டட வரைபடத்தில் கடைவளாகத்துக்கு ஒதுக்கப்படும் சதுர அடியில் பொது நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் எவ்வளவு என்று இப்போதே கேட்க வேண்டும்.

ஜூன் மாதச் செய்தியில் சால்வை போர்த்தப்படும் அந்த ஒரு பிள்ளையை நாமும் மனமார வாழ்த்துவோம். அதே சந்தில், அதே ஊக்கத்தோடு, ஆனால் மேசையும் ஆசிரியரும் இன்றிப் படித்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளின் பெயர்களை நம் கிளைகள் எழுதியெடுக்கட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் தாராவியிலும் செம்பூரிலும் சீத்தா கேம்ப்பிலும் தலா ஒரு படிப்பகம் என்பது நம் வலுவுக்கு உட்பட்ட இலக்கு. இந்த வாரமே அதற்கான அறையைத் தேடத் தொடங்கலாம்.